பதக்கத்தின் விளிம்பிலிருந்து தொடங்குங்கள்: காலனிய ராணுவ அதிகாரி ஒருவரின் பணி வரலாற்றைத் தேடும் வழி

விக்டோரியா ராணியின் தலை பொறித்த பழைய வெள்ளிப் பதக்கம் ஒன்று கையில் கிடைத்தால் பெரும்பாலோர் இரண்டு காரியங்களைச் செய்கிறார்கள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். பிறகு இணையத்தில் விலை பார்ப்பார்கள். முதல் காரியம் பதக்கத்தின் பாதிச் சரித்திரத்தை அழித்துவிடும். இரண்டாவது, தவறான கேள்விக்குப் பதில் தேடும் வேலை. அந்தப் பதக்கம் யாருக்கு, எந்தப் போருக்காக, எந்தப் படைப்பிரிவில் இருந்தபோது கொடுக்கப்பட்டது என்று கண்டுபிடிப்பது அப்படியொன்றும் கடினமல்ல. முறை தெரிந்தால் போதும்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அந்த முறையை எழுதுகிறேன். போகிற வழியில் ஓர் அதிகாரியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்: 1857 எழுச்சியை அடக்கப் போன மதராஸ் படை அதிகாரி ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்மித் நீல். சென்னைக்காரர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. மவுண்ட் ரோட்டில் சிலையாக நின்றவர்; 1927இல் அந்தச் சிலையை அகற்றக் கோரிச் சத்தியாகிரகம் நடந்தது. 1937இல் ராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் சிலை அகற்றப்பட்டு, பின்னர் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. அவர்மீது எனக்கு அபிமானம் எதுவும் இல்லை. அவரைப் பற்றிய தாள்கள் ஏராளமாக இருப்பதாலும், அவருக்கு உரிய பதக்கத்தில் புதியவர்களைத் தடுமாற வைக்கும் ஒரு சங்கதி இருப்பதாலும்தான் இந்தத் தேர்வு.

படி 1: தேய்க்காதீர்கள், பாருங்கள்

மென்மையான பருத்தித் துணி, பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ், ஒரு வெர்னியர் அளவி. கருவிகள் இவ்வளவுதான். பதக்கத்தைத் துணிமேல் வைத்து முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு, தொங்கும் பகுதி, நாடா ஆகிய ஐந்தையும் தனித்தனியாகப் படம் எடுங்கள். விளிம்பை எடுக்கும்போது வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழ வேண்டும். நேராக விழும் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து கண்ணுக்குத் தட்டுப்படாது.

விளிம்புதான் உயிர்நாடி. பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்களில் பெரும்பாலானவற்றில், பெற்றவரின் பெயரையும் படைப்பிரிவையும் விளிம்பில் பொறித்திருப்பார்கள். பெயர் அங்கே இருந்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது. இல்லையென்றால் மனம் தளர வேண்டாம், சில பதக்கங்கள் பெயரே இல்லாமல் கொடுக்கப்பட்டவை. 1799 ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கம் அப்படித்தான். இதற்கு நேர்மாறாக, 1867–68 அபிசீனிய (இன்றைய எத்தியோப்பியா) போர்ப் பதக்கத்தில் பெயர் விளிம்பில் இராது. பின்பக்கத்தில், இலை வளையத்தின் நடுவில் இருக்கும். மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையினர் அந்தப் போருக்குப் போனவர்கள் என்பதால் தமிழ்நாட்டு வீடுகளில் இந்த வகை கிடைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

படி 2: எந்தப் போர்?

பதக்கத்தை அடையாளம் காணப் பின்பக்க உருவமும் நாடாவின் நிறமும் பெரும்பாலும் போதும். ஆனால் நாடாவை மட்டும் நம்பக் கூடாது. பட்டு நாடா நைந்துபோகும், பிற்காலத்தில் யாராவது புதிதாக மாற்றியிருப்பார்கள். தென்னிந்தியப் படைகளோடு தொடர்புடைய சிலவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கத்தைத் தவறவிடவே முடியாது. முன்பக்கம் ஒரு சிங்கம் புலியை வீழ்த்தும் காட்சி. புலி திப்புவின் சின்னம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பின்பக்கம் கோட்டை தாக்கப்படும் காட்சி, கீழே பாரசீக எழுத்து. இங்கிலாந்தில் மேத்யூ போல்ட்டனின் சோஹோ நாணயச்சாலையில் அச்சு வெட்டி அடித்தவை. விட்டம் சுமார் 48 மில்லிமீட்டர். பெறுபவரின் தகுதிக்கேற்ப உலோகம் மாறியது: மிக உயர்ந்தவர்களுக்குப் பொன், அடுத்தவர்களுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, கேப்டன் முதலானவர்களுக்கு வெள்ளி, அதற்குக் கீழே வெண்கலம், சாதாரண சிப்பாய்க்குத் தகரம். ஆகவே இதில் பெயர் இல்லாவிட்டாலும் உலோகமே பெற்றவரின் தகுதியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

1824–26 முதல் பர்மியப் போர் ஒரு விசித்திரம். அதில் பெரும் எண்ணிக்கையில் மதராஸ் சிப்பாய்கள் கடல் கடந்து போனார்கள். அவர்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி தனியாக ஒரு பதக்கம் கொடுத்தது: ஆவா (பர்மிய அரசு) நாட்டு வெள்ளை யானை சிங்கத்தின் முன் மண்டியிடும் உருவம். அதே போரில் இருந்த வெள்ளை அதிகாரிக்கு அப்போது எதுவும் இல்லை. ‘ஆர்மி ஆஃப் இந்தியா’ பதக்கம் 1851இல் அறிவிக்கப்பட்ட பிறகுதான் ‘ஆவா’ என்ற பட்டையோடு (சண்டையின் பெயர் பொறித்து நாடாவில் மாட்டும் சிறு உலோகத் துண்டு) அவர் கைக்கு வந்தது, அதுவும் அதுவரை உயிரோடு இருந்தால். இந்தப் பதக்கத்தின் நாடா வெளிர்நீலம். பின்பக்கம் பனைமரத்தருகே அமர்ந்த வெற்றித் தேவதை. கீழே 1799–1826 என்று ஆண்டு இருக்கும், ஆனால் கொடுக்கப்பட்ட பட்டைகளோ 1803 முதலான போர்களுக்கே. அசாயி, ஆர்காம், கோரேகாவ்ன் போன்ற இருபத்தொரு பட்டைகள் இதற்கு உண்டு. கோரேகாவ்னில் பீரங்கிகளை இயக்கியவர்கள் மதராஸ் பீரங்கிப் படையினர் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. உங்கள் அதிகாரி 1803இல் அசாயியில் போரிட்டு 1840இல் இறந்திருந்தால், அவர் பெயரில் இந்தப் பதக்கம் இருப்பதாக யாராவது விற்க வந்தால் சந்தேகப்படுங்கள்.

1854இல் தொடங்கிய இந்தியப் பொதுச் சேவைப் பதக்கத்துக்கு முதல் பட்டை ‘பெகு’, அதாவது 1852–53 இரண்டாம் பர்மியப் போர். பின்பக்கம், அமர்ந்திருக்கும் வீரனுக்கு வெற்றித் தேவதை முடிசூட்டுவாள். நாடா சிவப்பில் இரண்டு நீலக் கோடுகள். இந்த ஒரே பதக்கம் 1895 வரை வெவ்வேறு போர்களுக்குத் தொடர்ந்து வந்ததால், பதக்கத்தைப் பார்த்து ஆண்டைச் சொல்ல முடியாது. பட்டையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இனி நம் எடுத்துக்காட்டுக்கு உரியது. 1857 எழுச்சியை அடக்கியவர்களுக்கு 1858இல் அறிவிக்கப்பட்ட பதக்கம் இது. வெள்ளி, விட்டம் 36 மில்லிமீட்டர். முன்பக்கம் ராணியின் தலை. பின்பக்கம் தலைக்கவசம் அணிந்த பிரிட்டானியா, நீட்டிய வலக்கையில் வெற்றி மாலை, பின்னால் சிங்கம்; மேலே இந்தியா என்றும் கீழே 1857–1858 என்றும் ஆங்கிலத்தில். நாடா வெள்ளையில் இரண்டு செந்நிறக் கோடுகள். ஐந்து பட்டைகள்: டெல்லி, லக்னோ தற்காப்பு, லக்னோ மீட்பு, லக்னோ, மத்திய இந்தியா. பட்டையே இல்லாத பதக்கங்களும் மிகுதி. 1868இல் விதியைத் தளர்த்தி, ஆயுதம் ஏந்தியவர்களுக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கு உள்ளானவர்களுக்கும் கொடுத்துவிட்டார்கள். ஆகவே பட்டையில்லாப் பதக்கம் என்றால் போலி என்று முடிவுகட்ட வேண்டாம்.

படி 3: பட்டையை விதியோடு சேர்த்து வாசியுங்கள்

புதியவர்கள் அதிகம் இடறும் இடம் இது. பட்டையில் எழுதியிருப்பதற்குப் பேச்சுவழக்கில் ஒரு பொருள், அரசாணையில் வேறொரு பொருள்.

1857இல் லக்னோவில் பிரிட்டிஷார் முற்றுகையிடப்பட்ட வளாகம் ரெசிடென்சி. நீல் அந்த முற்றுகைக்குள் இருந்தவர் அல்ல. வெளியிலிருந்து அதை மீட்கப் போன தளபதிகள் ஹாவ்லாக், அவுட்ரம் ஆகியோரின் படையோடு சென்றவர். 1857 செப்டம்பர் 25 அன்று, படை நகருக்குள் நுழைந்து ரெசிடென்சியை நெருங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு வாயில் வளைவின் மேலிருந்து வந்த குண்டு அவரைக் கொன்றது. அப்படியானால் அவருக்கு உரிய பட்டை எது? ‘மீட்பு’ என்றுதான் யாரும் சொல்வார்கள். விதி வேறு. ‘லக்னோ தற்காப்பு’ பட்டை, முதலில் முற்றுகையில் இருந்தவர்களுக்கும் ஹாவ்லாக்கோடு வந்தவர்களுக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. ‘மீட்பு’ என்பது நவம்பரில் காலின் கேம்ப்பெல் தலைமையில் வந்த இரண்டாவது படைக்கு. முதலில் மீட்க வந்த படை உள்ளேயே மாட்டிக்கொண்டு தானும் முற்றுகைக்கு ஆளானதுதான் காரணம்.

இதைத் தெரிந்துகொண்டால் பட்டைகளின் சேர்க்கையைச் சோதிக்கலாம். ‘தற்காப்பு’ம் ‘லக்னோ’வும் சேர்ந்து வருவது நீலின் படைப்பிரிவான மதராஸ் பியூசிலியர்ஸ் படையினரிடம் இயல்பானது, உயிர் பிழைத்தவர்கள் 1858 மார்ச்சில் நகரைப் பிடிக்கும் சண்டையிலும் இருந்தார்கள். ‘டெல்லி’யும் ‘மீட்பு’ம் சேர்ந்து வரலாம், டெல்லி விழுந்தபின் ஒரு படை லக்னோ நோக்கி நகர்ந்தது. ஆனால் ‘டெல்லி’யும் ‘தற்காப்பு’ம் ஒரே பதக்கத்தில் தொங்கினால் நின்று யோசியுங்கள். ஒரே கோடையில் ஒரே ஆள் இரண்டு ஊர்களில் எப்படி இருந்திருப்பான்?

படி 4: படைப்பிரிவின் பெயர் மாற்றங்களைத் தொடருங்கள்

கம்பெனி ஆட்சியில் ‘இந்திய ராணுவம்’ என்று ஒன்று இல்லை. வங்காளம், மதராஸ், பம்பாய் என்று மூன்று மாகாண ராணுவங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஐரோப்பியப் படைகள், சிப்பாய்ப் படைகள் என்று பிரிவு. இவை போதாதென்று லண்டனிலிருந்து ராணியின் படைகள் தனியாக வந்து போகும். உங்கள் அதிகாரி கம்பெனிக்காரரா, ராணியின் படைக்காரரா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். ஏனென்றால் ஆவணங்கள் இருக்கும் இடமே வேறு, பதவி உயர்ந்த விதமும் வேறு. ராணியின் படையில் 1871 வரை காலாட்படை, குதிரைப்படைப் பதவிகளைப் பணம் கொடுத்து வாங்கலாம். கம்பெனிப் படையில் விலைக்கு வாங்க முடியாது, மூப்பு வரிசையில் காத்திருக்க வேண்டும். நாற்பது வயதிலும் கேப்டனாகவே இருக்கும் கம்பெனி அதிகாரியைப் பார்த்து ‘திறமையில்லாதவர்’ என்று எழுதிவிடாதீர்கள்; மேலே இருந்தவர்கள் இறக்கவில்லை, ஓய்வு பெறவும் இல்லை, அவ்வளவுதான்.

நீலின் படைப்பிரிவையே பாருங்கள். 1740களில் மதராஸ் ஐரோப்பியர் படையாகத் தொடங்கியது. பிறகு முதலாம் மதராஸ் ஐரோப்பியப் பியூசிலியர்ஸ் ஆனது. கம்பெனி ஆட்சி முடிந்தபின், 1860களில் ராணியின் படைவரிசையில் 102ஆம் காலாட்படையாகச் சேர்ந்தது. 1881இல் ராயல் டப்ளின் பியூசிலியர்ஸின் ஒரு பட்டாலியனாக மாறி, 1922இல் கலைக்கப்பட்டது. சென்னையில் பிறந்த படை அயர்லாந்துப் படையாக முடிந்த கதை. இந்தச் சங்கிலி தெரியாதவர் மதராஸ் என்று தேடிக்கொண்டே இருப்பார், தாள்களோ டப்ளின் என்ற தலைப்பின் கீழ் உறங்கிக்கொண்டிருக்கும்.

சிப்பாய்ப் படைகளுக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. 1903இல் தலைமைத் தளபதி கிச்சனர் மறுசீரமைப்புச் செய்தபோது மதராஸ் காலாட்படைகளின் எண்ணோடு 60ஐக் கூட்டினார்கள். மூன்றாவது படை 63ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படை ஆயிற்று. 23ஆவது, 83ஆவது வாலாஜாபாத் இலகு காலாட்படை. விளிம்பில் ‘23 மதராஸ்’ என்று இருந்தால், பின்னாளைய ஆவணங்களில் 83ஐத் தேடுங்கள்.

படி 5: பதவியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்

ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு மூன்று பதவிகள் இருக்கலாம். படைப்பிரிவுக்குள் ஒரு பதவி; பிரெவெட் என்ற பெயரில் ராணுவம் முழுவதிலும் செல்லுபடியாகும் அதைவிட உயர்ந்த பதவி; களத்தில் தற்காலிகப் பொறுப்பாக வேறொன்று. நீலை ஆவணங்களில் லெப்டினென்ட் கர்னல் என்றும், கர்னல் என்றும், பிரிகேடியர் ஜெனரல் என்றும் காண்பீர்கள். மூன்றும் சரி. எந்த ஆவணம், எந்தத் தேதி, எந்த வகைப் பதவி என்று மூன்று பத்தி போட்டுக் குறித்துக்கொண்டே போனால் குழப்பம் தானாகத் தெளியும்.

படி 6: தாள்களைத் தேடுங்கள்

அச்சிட்ட பட்டியல்களிலிருந்து தொடங்குங்கள். கையெழுத்துப் பிரதிகளுக்குப் பிறகு போகலாம். கம்பெனி அதிகாரிகளுக்கு, 1803 முதல் வெளிவந்த ஈஸ்ட் இந்தியா ரெஜிஸ்டர். எழும்பூரிலும் லண்டனிலும் இருப்பதோடு, பல தொகுதிகள் இணைய நூலகங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆண்டுவாரியாக எடுத்துப் படைப்பிரிவுப் பக்கத்தில் பெயர் ஏறுவதையும் மேலே நகர்வதையும் காணாமல்போவதையும் குறித்துக்கொள்ளுங்கள். காணாமல்போன ஆண்டுதான் முக்கியம்: மரணம், ஓய்வு, இடமாற்றம் என்று ஏதோ ஒன்று அங்கே நடந்திருக்கிறது. ராணியின் படை அதிகாரிகளுக்கு 1839 முதல் வந்த ஹார்ட்டின் ராணுவப் பட்டியல் கைகொடுக்கும்; அதில் ஒவ்வொருவரும் எந்தெந்தப் போரில் இருந்தார் என்று அடிக்குறிப்பே இருக்கும். லண்டன் கெஜட் முழுவதும் இணையத்தில் இலவசம். பதவி உயர்வு, விருது, போர்க்களத் தளபதிகளின் அறிக்கை எல்லாம் அதில் உண்டு.

அடுத்தது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள். தொகுப்பு எண்களைக் கேட்டு மலைக்க வேண்டாம். எல்-மில்-9 (L/MIL/9) என்பது கம்பெனியில் சேர விண்ணப்பித்த இளைஞர்களின் கோப்பு: ஞானஸ்நானச் சான்று, வயது, எந்த இயக்குநரின் சிபாரிசு என்பவை அதில் இருக்கும். பணிப்பதிவுகள் மாகாணவாரியாகப் பிரிந்திருக்கின்றன. எல்-மில்-10 வங்காளம், 11 மதராஸ், 12 பம்பாய். எல்-மில்-5 தொகுப்பில் கம்பெனிப் படைகளின் பதக்கப் பட்டியல்கள். ராணியின் படையாக இருந்தால் லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்துக்குப் போக வேண்டும். அங்கே பதக்கப் பட்டியல்கள் போர் அலுவலகம் 100 (WO 100) என்ற வரிசையில் இருக்கின்றன. பதக்கப் பட்டியலில் பெயரைக் கண்டதும் மூடிவிடாதீர்கள். அதே வரியின் கடைசிக் கட்டத்தில், இறந்தார், வாரிசுக்கு அனுப்பப்பட்டது, திரும்பி வந்தது என்று சின்னக் குறிப்பு இருக்கலாம். நீலைப் போலப் போரிலேயே இறந்தவர்களுக்குப் பதக்கம் குடும்பத்தின் கையில்தான் போய்ச் சேர்ந்தது. அவர் தன் பதக்கத்தைப் பார்த்ததே இல்லை.

பிறப்பு, திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குத் திருச்சபைப் பதிவேடுகள்; மதராஸ் மாகாணத்துக்கு என்-2 (N/2) வரிசை. இவை பணம் கட்டிப் பார்க்கும் வம்சாவளித் தளங்களில் படமாகவே கிடைக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கம் ஒன்று பெரிய அட்டவணையை இலவசமாகவே வைத்திருக்கிறது. பைபிஸ் (FIBIS) என்று தேடினால் வரும். விதவைகள், அநாதைக் குழந்தைகளுக்கான மதராஸ் ராணுவ நிதியின் கணக்குகளையும் விட்டுவிடாதீர்கள். பதவி, பிள்ளைகளின் பெயர், மறுமணம் என்று வேறெங்கும் கிடைக்காத தகவல் அதில் சிக்கும். இறந்த அதிகாரியின் உடைமைப் பட்டியல் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். முகாமிலேயே ஏலம் போட்டுச் சக அதிகாரிகளே வாங்கிக்கொள்வார்கள்: சேணம், சட்டை, மதுப்புட்டி, யார் என்ன விலைக்கு எடுத்தார் என்பது வரை கணக்கில் இருக்கும். ஒரு மனிதனின் வாழ்க்கை இத்தனை அருகில் தெரிவது அங்கேதான், பதக்கத்தில் அல்ல.

லண்டன் போக முடியாதவர்களுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக்காப்பகம் இருக்கிறது. மதராஸ் அரசின் ராணுவத் துறை ஆலோசனைக் குறிப்புகள் அங்கே தொகுதி தொகுதியாக உள்ளன. ஆய்வு அனுமதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். அட்டவணைத் தொகுதியில் பெயரைப் பார்த்து, தேதியைக் குறித்து, பிறகு மூலத் தொகுதியைக் கேளுங்கள். நேரடியாக மூலத்தைக் கேட்டால் நாள் முழுக்கப் புரட்டினாலும் ஒன்றும் கிடைக்காது. தாள்கள் பொடியும் நிலையில் இருக்கும், பொறுமை வேண்டும். கல்லறைகளையும் தேவாலயச் சுவர்க் கற்களையும் பற்றி ஜே.ஜே. காட்டன் 1905இல் தொகுத்த மதராஸ் கல்வெட்டுப் பட்டியல் இன்னும் முதல் துணை. கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயத்தின் உட்சுவர்களை ஒரு சுற்று நடந்து பார்த்தாலே எத்தனை அதிகாரிகளின் பெயர் கிடைக்கும் என்பது அங்கே போனால் தெரியும்.

படி 7: ஒருவர் சொல்வதை இன்னொருவர் சொல்வதோடு ஒத்துப்பாருங்கள்

கிடைத்ததையெல்லாம் தேதிவாரியாக அடுக்குங்கள். நீலுக்கு அடுக்கினால் இப்படி வரும்: 1810இல் ஸ்காட்லாந்தின் ஏர் நகருக்கு அருகே பிறப்பு, 1827இல் கம்பெனிப் பணி, 1843இல் தன் படைப்பிரிவின் வரலாற்றைத் தானே எழுதி வெளியிட்டது, 1852–53 பர்மியப் போர், அடுத்து கிரிமியப் போர்க்காலத்தில் துருக்கியப் படைத்தொகுதியில் பதவி, 1857 மே மாதம் படையோடு கடல்வழியே கல்கத்தா, ஜூன் 4 பனாரஸ், ஜூன் 11 அலகாபாத், ஜூலை 20 கான்பூர், செப்டம்பர் 25 மரணம்.

இந்த அடுக்கு என்ன பயன் தருகிறது? பர்மியப் போரில் இருந்தார் என்றால் ‘பெகு’ பட்டையுள்ள பொதுச் சேவைப் பதக்கமும் அவர் பெயரில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் கிரிமியக் காலத்தில் துருக்கியப் படையில் இருந்ததால் கிரிமியப் பதக்கமும் கிடைத்திருக்கும் என்று தானாக எழுதிவிடக் கூடாது. போர் நடந்த ஆண்டில் பணியில் இருப்பது வேறு, பதக்கத்துக்கு வரையறுத்த களத்தில் இருப்பது வேறு. பட்டியலில் பெயரைக் கண்ட பிறகே எழுதுங்கள்.

இனிச் சொல்வதுதான் இந்த வேலையின் சாரம் என்பது என் எண்ணம். பதக்கம் ஓர் ஆள் எங்கே இருந்தான் என்பதற்குச் சான்று. அங்கே என்ன செய்தான் என்பதை அது சொல்லாது. நீலின் பதக்கமும், அதே நாளில் அதே சாலையில் காயம்பட்ட ஒரு சாதாரணப் படைவீரனின் பதக்கமும் ஒரே வெள்ளி, ஒரே அளவு. பனாரஸிலும் அலகாபாத்திலும் நீலின் ஆணையில் நடந்த தூக்குகள், எரிந்த கிராமங்கள், கான்பூரில் ஜூலை 25 அன்று அவர் பிறப்பித்த ஆணை ஆகியவற்றைப் பதக்கம் பேசாது. அந்த ஆணையின்படி, மரண தண்டனை பெற்றவர்கள், ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட வீட்டின் ரத்தக்கறையை, தூக்குக்கு முன் தங்கள் கையால் சுத்தம் செய்ய வைக்கப்பட்டார்கள். சாதி கெடுவதே தண்டனையின் நோக்கம். இதை எதிரிகள் கிளப்பிய அவதூறு என்று ஒதுக்க முடியாது, ஆணை அவருடையது, அதற்கு அவர் எழுதிய நியாயமும் பதிவாகியிருக்கிறது.

ஆகவே அதிகாரபூர்வ அறிக்கையோடு குறைந்தது வேறு மூன்று குரல்களையாவது சேர்த்து வைத்து வாசியுங்கள். ஒன்று, அவரோடு இருந்த மேலதிகாரி. ஹாவ்லாக்குக்கும் நீலுக்கும் இடையே நல்ல உறவு இல்லை என்பது அவர்களுடைய கடிதங்களிலிருந்தே தெரியும். இன்னொன்று, அவரிடம் சிக்கிய சாதாரண ஆட்கள். கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் ஹௌரா ரயில் நிலையத்தில், தன் ஆட்கள் ஏறி முடிப்பதற்குள் ரயில் கிளம்பப் பார்த்ததால், நிலையப் பணியாளர்களைக் காவலில் வைத்து ரயிலை நிறுத்திய சம்பவத்தைப் படைக்காரர்கள் பெருமையாகச் சொன்னார்கள். ரயில்காரர்களுக்கு அது எப்படித் தோன்றியிருக்கும் என்று கேட்டுப்பாருங்கள். மூன்றாவது குரல், எழுபது ஆண்டுகள் கழித்து எழுந்தது. அவர் சிலை முன் மறியல் செய்து சிறை சென்ற தொண்டர்களின் வழக்குச் செய்திகள் 1927ஆம் ஆண்டுப் பத்திரிகைகளில் இருக்கின்றன. கடலூர் அஞ்சலை அம்மாள் அவர்களில் ஒருவர். ஓர் அதிகாரியின் பணி வரலாறு அவர் மரணத்தோடு முடியும் என்று யார் சொன்னது? சிலை வைத்தவர்கள், சிலையை எடுக்கச் சொன்னவர்கள் ஆகிய இரு தரப்பின் தாள்களும் அதில் சேர்த்தியே. அந்தமானில் அவர் பெயரில் இருந்த தீவுக்கு 2018இல் ஷாகித் தீவு என்று பெயர் மாறியதையும் உங்கள் அடுக்கின் கடைசி வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

படி 8: போலியா என்று சோதியுங்கள்

விற்பனைக்கு வரும் பதக்கங்களில் மூன்று வகை ஏமாற்று உண்டு. முழுவதும் வார்த்து எடுத்த நகல் முதல் வகை. லென்ஸில் பார்த்தால் முகத்தின் நுண்கோடுகள் மழுங்கி, பரப்பில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். அச்சில் அடித்த பதக்கத்தில் அப்படி இராது.

இரண்டாவது, பெயர் மாற்றியது. பழைய பெயரை அரத்தால் சுரண்டி, புகழ்பெற்ற படைப்பிரிவின் அதிகாரி பெயரை வெட்டியிருப்பார்கள். வெர்னியர் அளவியை இங்கேதான் எடுக்க வேண்டும். விளிம்பைச் சுற்றிப் பல இடங்களில் விட்டத்தை அளந்து பாருங்கள். சுரண்டிய இடத்தில் அளவு கொஞ்சம் குறையும். 1857 பதக்கத்தில் பெயரை அச்செழுத்து போன்ற பெரிய எழுத்தில் அழுத்திப் பொறித்திருப்பார்கள். அழகான சாய்ந்த எழுத்தில் செதுக்கியிருந்தால் அது பிற்காலத்தில் யாரோ செய்தது என்று முதலில் எண்ணிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வகை, உண்மையான பதக்கத்தில் இல்லாத பட்டையைச் சேர்ப்பது. பட்டையைப் பிணைக்கும் ஆணிகளைப் பாருங்கள். மெருகு ஒரு பக்கம் பழையதும் இன்னொரு பக்கம் புதியதுமாக இருக்கிறதா? கடைசிச் சொல் பதக்கப் பட்டியலுடையது. அதில் இல்லாத பட்டைக்குக் கதை எவ்வளவு சொன்னாலும் மதிப்பு இல்லை.

படி 9: பெயர் அதிகாரியுடையது அல்லவென்றால்

விளிம்பில் சுபேதார், ஜமேதார், ஹவில்தார், நாயக், சிப்பாய் என்று வந்தால் பாதை வேறு. ஐரோப்பியர்களுக்கு இருப்பது போல் வரிசையான தனிநபர்ப் பதிவு சிப்பாய்களுக்கு அரிதாகவே கிடைக்கும். பெயரை ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முத்துசாமி பலவகையாக வருவார். பெயரைத் தனியாகத் தேடாமல், படைப்பிரிவு, அதன் உட்பிரிவான கம்பெனியின் எண், ஆண்டு ஆகிய மூன்றையும் வைத்துத் தேடுங்கள். ராணுவத் துறைக் கோப்புகளில் ஓய்வூதியம், குடும்ப உதவித்தொகை, வீர விருதுப் பரிந்துரை ஆகிய தலைப்புகளின் கீழ் சிப்பாயின் ஊர், தந்தை பெயர், சாதி, உயரம் வரை எழுதியிருப்பதுண்டு. இந்தப் பதக்கங்களில்தான் எனக்கு ஈடுபாடு அதிகம். அதிகாரிகளுக்கு எழுத ஆள் இருக்கிறது.

படி 10: வைப்பதும் விற்பதும்

அமிலமில்லாத தாளில் சுற்றி, காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். ரப்பர் பட்டை, செய்தித்தாள், நாப்தலின் உருண்டை மூன்றும் வெள்ளிக்கு ஆகாது. பழைய நாடா நைந்திருந்தாலும் எறிய வேண்டாம், தனி உறையில் போட்டு வையுங்கள். பதக்கத்தோடு வந்த கடிதம், புகைப்படம், பெட்டி எதையும் பிரித்து விற்காதீர்கள். பிரித்துவிட்டால் எது யாருடையது என்பதற்குச் சாட்சி போய்விடும்.

நூறு ஆண்டைக் கடந்த இத்தகைய பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப்பொருள் சட்டத்தின் கீழ் தொல்பொருளாகவே கருதப்படும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, அஞ்சலிலோ பயணப் பெட்டியிலோ கூட. லண்டன் ஏலக்காரர் நல்ல விலை சொல்கிறார் என்று யாராவது ஆசை காட்டினால், முதலில் இந்தியத் தொல்லியல் துறையின் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.